வைரவருக்கு வடைமாலை, வாகனத்துக்குக் கல்லெறி

"நாய்தானே" என்ற சொல் எங்கள் ஊர்களில் ஒரு வாதமாகவே ஆகிவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் விவாதம் முடிந்தது என்று பொருள். 2025 பெப்ரவரியில் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆட்டைக் கடித்த நாயைப் பற்றிய பிணக்கு இணக்க சபைக்குப் போயிற்று. நாய் ஆட்டின் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே அது தூக்கிலிடப்பட்டது. படம் வெளிவந்ததும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஒரு பெண் கைதானார்.

எல்லோரும் அந்தப் பெண்ணை ஏசினார்கள். செய்தது கொடுமை, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஓர் ஆட்டின் இழப்பு என்னவென்று தெரிந்தவர்கள் அந்தக் கோபத்தைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். என் கேள்வி வேறு. தன் வீட்டு நாயைக் கயிற்றோடு பிறர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்க ஒருவரால் எப்படி முடிந்தது? உயிருள்ள ஒன்றை நட்டஈடாகக் கைமாற்றலாம் என்பது அங்கே கூடியிருந்தவர்களுக்கு எப்படி இயல்பாகப் பட்டது? நாய்க்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் ஏதேனும் உறவு இருந்திருந்தால், ஆட்டுக்குப் பணம் கட்டியிருப்பார்கள். நாயைக் கட்டியும் வைத்திருப்பார்கள்.

இத்தனைக்கும் நாங்கள் வைரவரைக் கும்பிடுகிற சனங்கள். யாழ்ப்பாணத்தில் ஆலமரத்தடியில், வேம்படியில், வளவின் மூலையில் ஒரு சூலத்தை நட்டு வைரவர் என்போம். வடைமாலை சாத்துவோம். அவருடைய வாகனம் நாய் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாலை சாத்திய அதே கையால், பிரசாத வாசனைக்கு வந்து நிற்கும் நாய்க்குக் கல்லெறிவோம். எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கையிலும் வாலாட்டும் நாயை நல்ல நட்புக்கு உவமையாக்கி, பாகனையே கொல்லும் யானையைத் தள்ளிவைத்தது நாலடியார். அதைப் பாடசாலையில் மனனம் செய்து புள்ளி வாங்கினோம். மணிவாசகர் தம்மை நாயினும் கடையர் என்று தாழ்த்திக்கொண்டது பக்தியின் பணிவு. நாய்க்குச் சோறு போடவேண்டாம் என்ற கட்டளை அன்று.

இனி அனலைதீவுக்கு வருகிறேன். ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளத்தில் போகவேண்டிய சிறு தீவு. புகையிலைத் தோட்டங்களும் ஐயனார் கோயிலும் அதன் அடையாளங்கள். அதன் மக்களில் பெரும்பகுதியினர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் யாழ் நகரத்திலும் இருக்கிறார்கள். ஒழுங்கைகளில் நடந்தால் பூட்டிய படலைகள் வரிசையாகத் தெரியும். சில வளவுகளுக்குள் நாய் குரைக்கும், மனிதர் இல்லை. பக்கத்து வீட்டாருக்கு மாதம் ஏதோ அனுப்பிச் சோறு வைக்கச் சொல்லியிருப்பார்கள். இதை நாய் வளர்ப்பு என்று சொல்வது தமிழுக்குச் செய்யும் அநியாயம். சம்பளமில்லாத காவற்காரனை வேலைக்கு அமர்த்திவிட்டு ஆறாயிரம் மைலுக்கு அப்பால் போய் உட்கார்ந்திருக்கிறோம்.

அங்கே ஒரு முதிய அம்மாவிடம் பேசினேன். தம் பங்குச் சோற்றில் பாதியை நான்கு நாய்களுக்கு வைக்கிறார். நான்கும் அவருடையவை அல்ல. "தம்பி, இது அந்தக் கரை வீட்டுக்காரற்ரை. அவை போய் மூண்டு வருசம். வள்ளச் சத்தம் கேட்டா இண்டைக்கும் துறைக்கு ஓடும். போனாக்கள் ரெலிபோன் எடுத்தா வீட்டுக் கூரையைக் கேப்பினம், கிணத்தைக் கேப்பினம். இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்றார். நான் எழுதக்கூடிய எந்தக் கண்டனத்தையும் விட அது கனமாயிருந்தது.

இடப்பெயர்வைக் காரணம் காட்டுவோர் உண்டு. உண்மைதான். 1990, 1991இல் தீவக மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, அந்த நெரிசலில் நாயைக் கூட்டிவந்தவர் எத்தனை பேர்? அன்று கைக்குழந்தையையும் கிழவரையும் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு. அதற்காக எவரையும் நான் குற்றஞ்சொல்லேன். ஆனால் இன்று போகிறவர்கள் ஷெல்லுக்கு அஞ்சி ஓடுகிறவர்கள் அல்லர். விசாவுக்கு மாதக்கணக்காகக் காத்திருந்து, நகைகளைக் கணக்கெடுத்து, காணி உறுதியைப் பத்திரப்படுத்தி, பிரியாவிடை விருந்தும் வைத்துவிட்டுப் போகிறவர்கள். அந்த மாதங்களில் நாய்க்கு ஒரு புதிய வீடு தேட ஒரு மாலைப் பொழுது கிடைக்கவில்லை என்றால் நம்புவதற்கில்லை.

இப்படி விடப்பட்டவையும் அவற்றின் குட்டிகளும்தான் நாளைய கட்டாக்காலிகள். பிறகு கோழி போகிறது, ஆடு போகிறது, கடிபட்ட பிள்ளையைக் கடல் கடத்தி வைத்தியரிடம் கொண்டு ஓடவேண்டியிருக்கிறது. உடனே "பிடித்துக் கொல்லுங்கள்" என்ற குரல் எழுகிறது. உருவாக்கியவர்களும் நாங்களே, தீர்ப்புச் சொல்பவர்களும் நாங்களே.

கொல்வது புதிய யோசனை அன்று. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இலங்கையில் பதிற்றாண்டுக் கணக்காகச் செய்துபார்த்ததுதான். 2006இல் அரசு அந்தக் கொள்கையைக் கைவிட்டது. 1910இல் துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தார் ஆயிரக்கணக்கான தெருநாய்களை வாரிக்கொண்டுபோய் மர்மாராக் கடலிலுள்ள ஒரு வெறுந்தீவில் இறக்கிவிட்டார்கள். நீரும் உணவுமின்றி அவை ஒன்றையொன்று தின்று மாண்டன. அந்நகரத்தில் நாய்கள் இன்றும் இருக்கின்றன. 2025 ஓகஸ்ட் 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. பதினொரு நாளில் அதுவே ஆணையை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, விசர்நோயும் மூர்க்கமும் இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அடைக்க இடமில்லை என்ற எளிய உண்மை சட்டத்துக்கும் முன்னால் வந்து நிற்கிறது.

இலங்கையில் பலன் தந்தது ஊசிதான். 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 300க்கு மேற்பட்டோர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் இயக்கம் பரவியபின் அது சில பத்துகளாகக் குறைந்தது. ஓரிடத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து ஊசி போட்டால் நோய் பரவாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பூட்டான், தன் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடையும் ஊசியும் முடித்துவிட்டதாக 2023இல் அறிவித்தது. மலையும் பள்ளமுமான ஒரு நாட்டுக்கு அது முடிந்திருக்கிறது. நாற்புறமும் கடல் சூழ்ந்த அனலைதீவுக்கு ஏன் முடியாது? அங்கே அடுத்த ஊர் நாய் நடந்து வரப்போவதில்லை. யாரேனும் வள்ளத்தில் ஏற்றிவந்தால்தான் உண்டு. ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டு, புதிதாய்ப் பிறப்பவற்றை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டால் போதும். தீவாக இருப்பதில் எத்தனையோ கஷ்டங்கள். வாய்த்த ஒரே வசதி இது, இதையும் விட்டுவிட வேண்டுமா?

ஆனால் ஊசி போட நாயைப் பிடிக்கவேண்டும். பிடிபட அது மனிதரை நம்பவேண்டும். நான் உறவைப் பற்றிப் பேசுவது இதற்காகத்தான். பொம்மை நாய்க்குச் சட்டை தைத்துப் போடுகிற செல்லத்தைப் பற்றி அல்ல. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தார் தெருநாய்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். முன்பின் அறியாத மனிதர் மீண்டும் மீண்டும் உணவு கொடுத்ததை விட, தலையைத் தடவிக் கொடுத்ததே அவற்றின் நம்பிக்கையை அதிகம் வென்றது. எங்கள் வீடுகளில் நாயைத் தொட்டால் குளிக்கவேண்டும். சோறு வைப்போம், அதுவும் படலைக்கு வெளியே, சிரட்டையில்.

சட்டம் இல்லாமலும் இல்லை. நாயை ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் பதியவேண்டும் என்று 1901ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பதிந்தவரை எனக்குக் காட்டுங்கள். மிருகவதையைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த அபராதத்தின் உச்சம் 100 ரூபா. இன்று அந்தக் காசுக்கு ஒரு பாண்கூட வராது. அதைத் திருத்தும் சட்டமூலம் இருபது ஆண்டுக்கு மேலாக மேசை மேசையாக உலாவுகிறது.

கொழும்பு திருத்தும்வரை அனலைதீவு காத்திருக்க வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த ஊரவர்கள் கோபுரத்துக்கும் தேருக்கும் கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும். அடுத்த ஐயனார் திருவிழாவுக்கு வரும்போது, இரண்டு மிருக வைத்தியர்களின் ஒரு வாரச் செலவையும் வள்ளக் கூலியையும் யாரேனும் ஒருவர் பொறுப்பேற்கலாம். ஊர்காவற்றுறைப் பிரதேச சபை அந்த வாரத்திலேயே வீடு வீடாகப் போய்ப் பதிவை முடிக்கலாம். பூட்டிய வீட்டு நாய்களை அந்தந்த வீட்டுக்காரர் பெயரிலேயே, அவர் ரொறன்ரோவில் இருந்தாலும், எழுதட்டும். அவர்கள் ஊருக்கு வந்து நிற்கும்போது அந்தத் துண்டை அவர்கள் கையில் கொடுக்கட்டும்.