கடன் மறுப்பு: காரணம் கேட்கும் உரிமை நமக்குண்டு

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரையுள்ள எல்லையோரச் சிற்றூர்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிடையே அண்மைக் காலமாக ஒரு புதிய குறை பரவலாகக் கேட்கிறது. கையில் மூன்று சென்ட், ஐந்து சென்ட் நிலம் இருக்கிறது; ஆதாரம் பதிவாகியிருக்கிறது; கரம் தீர்த்த ரசீது இருக்கிறது; வேலைக்குப் போகும் ஆணும் பெண்ணும் வீட்டில் இருக்கிறார்கள். ஆயினும் வீடு கட்டக் கடன் கேட்டுப் போனால் வங்கி கையை விரித்துவிடுகிறது. நிலப் பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் முன்னரே, வக்கீலின் கருத்துக்கும் எஞ்சினீயரின் மதிப்பீட்டுக்கும் மனு போகும் முன்னரே, “சிபில் சரியில்லை” என்ற இரண்டு சொல்லில் காரியம் முடிந்துவிடுகிறது.

அந்த இரண்டு சொல்லைக் கேட்டு, ஏதோ பெருங்குற்றம் செய்தவர்போலத் தலை குனிந்து படியிறங்கும் கொத்தனார்களையும், ரப்பர் வெட்டும் தொழிலாளர்களையும், பாலராமபுரத்துத் தறிக்காரர்களையும் நாம் காண்கிறோம். அவர்கள் தலை குனிய வேண்டியதில்லை. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கச் சட்டமே இடம் தந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேச விரும்புகிறோம்.

சிபில் என்பது அரசாங்க இலாகா என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு கம்பெனி. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு கம்பெனிகள் இந்தியாவில் இந்தத் தொழிலை நடத்துகின்றன. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இவை இயங்குகின்றன. நாம் வாங்கும் கடன், கட்டிய தவணை, தவறிய தவணை, யாருக்காக ஜாமீன் நின்றோம் என்ற விவரம் எல்லாவற்றையும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இவற்றுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைக் கூட்டிக் கழித்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் போட்டால் விடைத்தாளைக் காட்டுவார்கள். இங்கே விடைத்தாள் எங்கேயிருக்கிறது என்றுகூட நம் மக்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

நமது சங்கத்துக்கு வரும் முறையீடுகளைப் பார்த்தால், மறுப்புக்கான காரணங்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலாவது, பெயர்க் குழப்பம். இது எல்லையில் வாழ்பவர்களுக்கே உரிய தலைவலி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு நடுவில் விழுந்தாலும் உறவும் பிழைப்பும் இரு பக்கமும் தொடர்கின்றன. பெண் எடுத்தது களியக்காவிளைக்கு அப்பால், குடியிருப்பது இஞ்சிவிளைக்கு இப்பால். தமிழ்நாட்டு வழக்கப்படி தந்தையின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் வரும். இங்கே பெயருக்குப் பின்னால் வரும். முருகன் என்ற ஒரே பெயர் தமிழ்நாட்டு அட்டையில் ஆங்கில ‘ஜி’ எழுத்தோடும், மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘கே’ எழுத்தோடும் வந்து நிற்கும். பான் அட்டையில் ஒரு முகவரி, ரேஷன் கார்டில் வேறு முகவரி. கடன் தகவல் கம்பெனிகள் ஆளை முகம் பார்த்து அறிவதில்லை. பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை வைத்தே பொருத்துகின்றன. பொருத்தம் பிசகினால் ஒருவர் கட்டிய கடன் அவர் கணக்கில் சேராது. யாரோ ஒருவர் கட்டாத கடன் இவர் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டாவது, ஜாமீன். அண்ணன் ஆட்டோ வாங்க, மச்சான் கடை வைக்க, “ஒரு கையெழுத்துத்தானே” என்று போட்டுக் கொடுத்திருப்போம். அவர் தவணை தவறினால் அது ஜாமீன் நின்றவரின் அறிக்கையிலும் வந்து உட்காரும். பல ஆண்டு கழித்து, வீட்டுக் கடன் கேட்கும் நாளில்தான் அது தெரியவரும்.

மூன்றாவது, குழுக் கடனும் ‘செட்டில்மென்ட்’ கடனும். மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் கடனும் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே பதிவாகிறது. அதுபோல, பழைய கடனொன்றைப் பேசிக் குறைத்துக் கட்டி முடித்தவர்கள், “தீர்ந்தது” என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அறிக்கையிலோ அது முழுதாக அடைந்த கடன் என்று இராது. ‘செட்டில்டு’ என்றோ ‘தள்ளுபடி’ என்றோ இருக்கும். அடுத்த வங்கியின் கண்ணுக்கு அது கறை. இந்த விவரங்கள் குறைந்தது ஏழு ஆண்டுகள் பாதுகாக்கப்படுகின்றன.

நான்காவது வகைதான் நம் மனத்தை மிகவும் உறுத்துவது. இவர்கள் வாழ்நாளில் ஒருநாளும் வங்கியில் கடன் வாங்காதவர்கள். ஊர்ச் சீட்டுப் பணத்தை மாதம் தவறாமல் கட்டியவர்கள். வாடகையை ஒன்றாம் தேதியே கொடுத்தவர்கள். பலசரக்குக் கடைப் பற்றுக்கூட மிச்சம் வைக்காதவர்கள். இந்த நாணயம் எதுவும் அந்தப் பேரேட்டில் ஏறாது. கடனே வாங்காதவருக்குக் ‘கடன் வரலாறு இல்லை’ என்று முத்திரை. கடன் வாங்காமல் மானமாக வாழ்ந்ததே கடன் பெறத் தகுதியின்மை ஆகிவிடுகிறது. இது என்ன நியாயம்?

வங்கி எவருக்கும் எதையும் பாராமல் பணத்தை அள்ளிக் கொடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வங்கியிலிருப்பது மக்களின் பணம். நம் பெண்மக்களின் கல்யாணச் சேமிப்பும் அதில் இருக்கிறது. 2021-இல் வெளிவந்த திருச்சூர் மாவட்டம் கருவன்னூர் கூட்டுறவு வங்கி முறைகேட்டையும், 2023-இல் அமலாக்கத்துறையின் சோதனைக்கு உள்ளான நம் பக்கத்துக் கண்டலா கூட்டுறவு வங்கி விவகாரத்தையும் நாம் மறக்கவில்லை. கடன் கொடுக்குமிடத்தில் கண்காணிப்பு தளர்ந்தால் அழுவது ஏழை டெபாசிட்காரர்களே. ஆகவே விசாரணை வேண்டும். விசாரணை என்றால் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். மனுதாரர் வாயைத் திறக்கும் முன்னரே தீர்ப்பெழுதுவதை விசாரணை என்று சொல்ல முடியாது.

1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டபோது, இனி வங்கி வாசல் உழைப்பவனுக்கும் திறக்கும் என்றார்கள். ஓரளவு திறக்கவும் செய்தது. அன்று மேனேஜர் வீடு தேடி வந்து விசாரிப்பார். ஆளைப் பற்றி நாலு பேரிடம் கேட்பார். அதிலும் சிபாரிசும் சாதியும் பாரபட்சமும் இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இன்று எந்திரம் பார்க்கிறது. எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்பது உண்மையே. அதற்கு நம் பெயரின் எழுத்துப் பிழையும் தெரியாது என்பதும் உண்மையே.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு உறுப்பினரும் இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஒன்று: கடன் மனுவை மறுத்தால், மறுப்பின் முக்கியக் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்துள்ள நெறி. சிறிய கடன், பெரிய கடன் என்ற பேதம் இதில் இல்லை. கவுண்டரில் வாய்ச்சொல்லாகச் சொல்வது போதாது.

இரண்டு: 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, நம்மைப் பற்றி வாங்கிய கடன் அறிக்கையின் நகலைத் தரும்படி மனுச் செய்த வங்கியிடமே நாம் கேட்கலாம். தவறு இருந்தால் திருத்தும்படி கோரலாம். 30 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஆனால் ஒரு வங்கி மறுத்த கோபத்தில் அதே வாரம் நாலு வங்கியில் மனுப் போட்டால், ஒவ்வொரு வங்கியும் செய்யும் விசாரிப்பு பதிவாகி மதிப்பெண்ணைக் கீழே இழுக்கும். முதலில் காரணம், பிறகே அடுத்த மனு.

நான்கு: திருத்தம் கேட்டுப் புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் தீராவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது, 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் கம்பெனிகள் மீதான புகார்களும் அங்கே ஏற்கப்படுகின்றன.

ஐந்து: குறைந்தபட்ச மதிப்பெண் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை. முதன்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கலாகாது என்று 2025 ஜனவரியில் அறிவுறுத்தியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய நிதித் துறை இணையமைச்சர் மக்களவையில் இதையே எடுத்துச் சொன்னார். நாம் சொன்ன அந்த நான்காவது வகையினருக்கு இதுவே கைப்பிடி.

நீதிமன்றத்தின் குரலும் உண்டு. 2023 மே மாதத்தில் கேரள உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு மாணவரின் வழக்கு வந்தது. பழைய கடன் ஒன்றில் 16,667 ரூபாய் நிலுவை. இன்னொன்று தள்ளுபடி என்று பதிவாகியிருந்தது. மதிப்பெண் குறைவென்று பாரத ஸ்டேட் வங்கி கல்விக் கடனை மறுத்தது. மதிப்பெண் குறைந்தது என்பதை மட்டும் வைத்துக் கல்விக் கடனை மறுக்கலாகாது என்றும், மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும் என்றும் நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் கூறி, பணத்தைக் கொடுக்க உத்தரவிட்டார். இது கல்விக் கடனைப் பற்றிய உத்தரவு. வீட்டுக் கடனுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் ஆசை காட்ட மாட்டோம். ஆயினும் எண் மட்டுமே எல்லாம் ஆகிவிடாது என்று நம் மாநிலத்து நீதிமன்றமே கருதியிருப்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவும் ஏன் சொல்கிறோம்? வங்கி மறுத்த மறுநாள் நம் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். பிளேடுக்காரன் வாசலுக்குப் போகிறார்கள். அங்கே மதிப்பெண் கேட்பதில்லை. தாலிச் சங்கிலியையும் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தையும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003-இலும் கேரளத்தில் 2012-இலும் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் வந்தது. 2014-இல் கேரள அரசு ஆபரேஷன் குபேரா என்ற பெயரில் வேட்டை நடத்தியது. வேட்டை ஓய்ந்ததும் வட்டி திரும்பி வந்தது. அஸ்திவாரம் போட்டு, பாதிச் சுவர் எழுப்பி, அந்த வட்டிக்காகவே நிலத்தை விற்று வாடகை வீட்டுக்குத் திரும்பிய குடும்பங்கள் நம் எல்லைக் கிராமங்களில் இருக்கின்றன. “சிபிலைச் சரி செய்து தருகிறோம்” என்று பணம் பிடுங்கும் புரோக்கர்களும் முளைத்திருக்கிறார்கள். உண்மையான பாக்கியை எந்தப் புரோக்கராலும் அழிக்க முடியாது. பொய்யான பதிவைத் திருத்த எந்தப் புரோக்கரும் தேவையில்லை. அவனிடம் ஆதார் நகலும் பான் நகலும் ஓ.டி.பி. எண்ணும் கொடுப்பது, நம் பெயரில் நாமறியாத கடன் முளைக்க நாமே விதை போடுவதாகும்.

நம் தரப்பிலும் சில ஒழுங்குகள் வேண்டும். ஜாமீன் கையெழுத்தைத் தாம்பூலம்போல எடுத்து நீட்டலாகாது. கடன் அடைந்ததும் ‘பாக்கியில்லை’ என்ற சான்றை வாங்கிப் பத்திரத்தோடு வைக்க வேண்டும். எல்லா அட்டைகளிலும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கும்படி, கடன் கேட்கும் முன்பே திருத்திக்கொள்ள வேண்டும். நிதி நிறுவனங்கள் கடன்காரருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. வாசித்துப் புரியாத காகிதத்தில் கையெழுத்திட வேண்டாம். “தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

அதிகாரிகளிடம் நமது கோரிக்கைகள் மூன்று. மறுக்கப்படும் ஒவ்வொரு மனுவுக்கும் எழுத்து மூலம், மலையாளத்தோடு தமிழிலும் காரணம் தர வேண்டும். எல்லைப் பகுதிக் கிளைகள் பெயர், முதலெழுத்து வேறுபாட்டை ஆள் மாறாட்டமாகக் கருதாமல், பான் எண்ணை வைத்து ஒத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். கடன் வரலாறு இல்லாதவர்களின் கூலிக் கணக்கையும் வாடகைக் கணக்கையும் சேமிப்புப் புத்தகத்தையும் பார்த்துத் தகுதி தீர்மானிக்க வேண்டும்.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு ஒரு விஷயம் தெரியும். இடம் கிடைக்காத பயணிக்குக்கூடக் காத்திருப்போர் வரிசையில் தன் எண் என்ன என்று சொல்லப்படுகிறது. அதைக் கொண்டு அவர் காத்திருக்கலாம், வேறு வண்டி பார்க்கலாம், பணத்தைத் திரும்பப் பெறலாம். வீட்டுக் கடன் கேட்டு வந்த தொழிலாளிக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

மறுப்புக்கு ஆளான உறுப்பினர்கள் வங்கி கொடுத்த காகிதம், பான், ஆதார், பழைய கடன் ரசீதுகள் ஆகியவற்றோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். அறிக்கையை எடுத்துப் படித்துச் சொல்லவும், திருத்த மனு எழுதவும் சங்கத்தின் இளைஞர்கள் உதவுவார்கள். எவரும் இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தனியொருவர் கேட்டால் “சிபில் சரியில்லை” என்று ஒரு வரியில் அனுப்பிவிடுவார்கள். பத்துப் பேர் எழுத்து மூலம் கேட்டால் எழுத்து மூலம் பதில் சொல்லியே தீர வேண்டும்.