எரிமலை போதும், பள்ளம் செய்வோம்!



அறிவியல் கண்காட்சி வரப்போகிறது. போன முறை மொத்தம் ஐந்து எரிமலை. எல்லாம் சமையல் சோடா, வினிகர், சிவப்புக் கலர். (அதில் ஒண்ணு நான் செய்தது. அதனால் யாரும் கோபப்படாதீங்க.) இந்த முறை எரிமலை வேண்டாம் என்பது என் கருத்து.

கல் எப்படிச் சூடாகும்? சித்திரை வெயிலில் வரதராஜப் பெருமாள் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு ஒரு வழி தெரியும். இன்னொன்று பூமிக்குள் இருக்கும் சூடு, அதாவது எரிமலை. மூன்றாவது வழியை நாம் மறந்துவிடுகிறோம். அது மோதல்!

மகாராஷ்டிராவில் புல்தானா மாவட்டத்தில் லோனார் ஏரி இருக்கிறது. சுமார் 1.8 கி.மீ. அகலமுள்ள வட்டப் பள்ளம். உள்ளே கோயில்கள்கூட உண்டு. சுற்றிலும் சுமார் 6.5 கோடி வருஷத்துக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறை. அதனால் பல பேர் இதை எரிமலை வாய் என்றே நினைத்தார்கள். 1970-களில் பாறையைத் தோண்டி ஆராய்ந்தபோதுதான் விஷயம் தெளிவானது. பாறைக்குள் இருந்த சில படிகங்கள், தங்கள் வடிவம் மாறாமலே கண்ணாடியாகி இருந்தன. மெதுவாக உருகினால் வடிவம் போய்விடும் இல்லையா? லட்சக்கணக்கான மடங்கு காற்றழுத்தம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அழுத்தினால்தான் இப்படி ஆகும். எந்த எரிமலைக்கும் அந்த பலம் கிடையாது. விழுந்தது விண்கல். எப்போது விழுந்தது என்பதில் இன்னும் சண்டை. ஒரு கணக்கில் 52,000 வருஷம், இன்னொரு கணக்கில் 5,70,000 வருஷம்!

"காற்றில் உரசித்தானே சூடாகுது?" என்று என் தோழி கேட்டாள். சின்னக் கல்லுக்குக் காற்றில் வெளித்தோல் மட்டும்தான் உருகும். பெரிய கல்லைக் காற்றால் தடுக்கவே முடியாது. அது தரையில் மோதும்போதுதான் உண்மையான சூடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்ம ஊர் பஸ் மணிக்கு 72 கி.மீ. போனால் நொடிக்கு 20 மீட்டர். விண்கல்லோ நொடிக்கு சுமார் 20 கிலோமீட்டர். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு நாலே நொடி! வேகம் 1000 மடங்கு. இயக்க ஆற்றல் சூத்திரத்தில் வேகம் வர்க்கமாக வருகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆற்றல் 10 லட்சம் மடங்கு. ஒரு கிலோ பாறையை உருக்க இதில் கொஞ்சம் போதும். மிச்சத்தில் ஆவியாகவே ஆகிவிடும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதுபோல அழுத்தினால் பாறையும் சூடாகும். அழுத்தம் போன பிறகும், பாறை வாங்கிய ஆற்றலை முழுசாகத் திருப்பித் தராது. ஒரு பங்கு சூடாக உள்ளேயே தங்கிவிடும்.

நிலாவே இப்படி ஒரு பெரிய மோதலில் பிறந்தது என்றுதான் பெரும்பாலான விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அந்தச் சூட்டில் நிலா ஒரு பாறைக்குழம்புக் கடலாக இருந்ததாம். அதில் லேசான படிகங்கள் மிதந்து மேல் ஓடு ஆனது. 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கிய சந்திரயான்-3 அளந்த மண்ணும் இதற்கு ஒத்துப்போகிறது. அந்த மாதிரிப் பாறை நம்ம நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதை அரைத்துத்தான் இஸ்ரோ சோதனைக்கு நிலா மண் செய்தது!

சரி, கண்காட்சிக்கு வருவோம். ஒரு தாம்பாளத்தில் மணல், மேலே கோலமாவு. உயரத்திலிருந்து கோலிக்குண்டைப் போட்டால் பள்ளம் ரெடி. ஆனால் இதில் சூடு தெரியாது, அதையும் எழுதி ஒட்டணும். சூட்டுக்குத் தனியாக ஒரு ஆணியைச் சுத்தியலால் இருபது முப்பது தடவை அடித்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். (மிஸ் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்!) கோலிக்குண்டு என்னிடம் ஆறு இருக்கிறது. தாம்பாளம் யார் கொண்டு வருகிறீர்கள்?

– பத்தாம் வகுப்பு மாணவி