கட்டைக்கு எடை உண்டு, வியர்வைக்கு எடை எங்கே?



"விறகு பிளப்பதும் ஒரு தொழிலா? கோடாலியும் கை பலமும் இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் பலர். அவர்களில் ஒருவர்கூட வைரம் பாய்ந்த புளியங்கட்டையோடு ஒரு நாள் பொழுது மல்லுக்கு நின்றவர் அல்லர். இந்தக் கேள்வியில் ஒரு சூது இருக்கிறது. வேலையில் வித்தை எதுவும் இல்லை என்று நம்மை முதலில் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால், பிறகு கூலியைக் குறைப்பது மிகச் சுலபம்!

"இந்தக் காலத்தில் விறகு யாருக்கு வேண்டும்?" என்று இன்னொரு கேள்வி. அதுவும் நெய்வேலியில் நின்றுகொண்டு கேட்கிறார்கள். காலுக்கடியில் பழுப்பு நிலக்கரி, தலைக்குமேல் மின்சாரக் கம்பி. அந்த நிலக்கரியே பழங்காலத்து மரந்தான். லிக்னைட் என்ற பெயரே மரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 1957 மே 20ந் தேதி நேரு இங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962இல் சோவியத் நாட்டின் உதவியோடு முதல் மின் யூனிட் ஓடியது. நிலக்கரியைக் கட்டியாக்கிச் சுட்டு, 'லெகோ' என்ற பெயரில் அடுப்புக்கு விற்றார்கள். இனி விறகுக்கு வேலை இல்லை என்று பேசியவர்களும் உண்டு. பின்னாளில் லெகோ ஆலைதான் மூடப்பட்டது. விறகு அடுப்பு மூடப்படவில்லை!

ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டத்தை 2016ஆம் ஆண்டு, அதுவும் மே தினத்தன்று, மத்திய அரசு தொடங்கியது. இணைப்பு வந்தது, அடுப்பும் வந்தது. ஆனால் 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு சிலிண்டரின் விலை 1118 ரூபாய் 50 காசு. அந்த விலைக்கு விவசாயத் தொழிலாளி எத்தனை நாள் வயலில் குனிய வேண்டும்? சிலிண்டர் காலியானால் அது மூலைக்குப் போகிறது, மூன்று கல் அடுப்பு முன்னுக்கு வருகிறது. டீக்கடை, கல்யாணச் சமையல், செங்கல் சூளை, சுடுகாடு ஆகியவற்றுக்கும் பிளந்த விறகு வேண்டும். பக்கத்து வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பை அணையா அடுப்பு என்கிறோம். அடுப்பு அணையாமல் இருக்க அருளும் அரிசியும் மட்டும் போதுமா? யாரோ ஒருவன் கட்டையைப் பிளந்தாக வேண்டும் அல்லவா?

அந்த ஒருவன் யார்? பெரும்பாலும் நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு விறகு மண்டிக்குப் போகும் விவசாயத் தொழிலாளிதான்.

அவன் வேலையைப் பாருங்கள். வேலை தெரியாதவன் அடிமரத்தின் நடுவில் ஓங்கிப் போட்டு, கோடாலியைக் கட்டைக்குள் புதைத்துவிட்டு விழிப்பான். வேலை தெரிந்தவன் முதலில் வெட்டுமுகத்தைப் பார்ப்பான். வெயிலில் வெடித்த கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது, கணு எங்கே இருக்கிறது என்று பார்ப்பான். ஓரத்திலிருந்து சிராய் சிராயாக எடுத்துக்கொண்டு உள்ளே போவான். கணு குறுக்கே வந்தால் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் இறக்குவான். ஆப்பு சிக்கிக்கொண்டால் பிளவின் வழியிலேயே இரண்டாவது ஆப்பை இறக்கி முதலாவதை மீட்பான். இது வித்தை இல்லையென்றால் வேறு எது வித்தை?

மரமும் எல்லாம் ஒன்றல்ல. சவுக்குக்கு நார் நேராக ஓடும். பச்சையாக இருக்கும்போது அடித்தால் எளிதில் பிளந்து கொடுக்கும். புளிக்கும் வேம்புக்கும் நார் பின்னிக் கிடக்கும், கோடாலி எகிறும். சீமைக் கருவேலம் வளைந்து நெளிந்து முள்ளோடு வரும். எல்லாவற்றிலும் கொடியது வேர்க்கட்டை. அதில் நேரான நார் என்று ஒன்றே கிடையாது.

ஆனால் தராசுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒருவன் முன்னால் ஒரு டன் சவுக்கு, மற்றவன் முன்னால் ஒரு டன் புளிய வேர்க்கட்டை என்று வையுங்கள். எடை ஒன்று, ஆகவே கூலியும் ஒன்று என்றால், இரண்டாமவனுடைய வியர்வையில் பெரும்பகுதி இனாமாகப் போகிறது. இன்னொன்றும் உண்டு. ஈரமாக இருக்கும்போது பிளக்கச் சொல்லி, காய்ந்தபின் நிறுத்துக் கூலி போட்டால், வற்றிப்போன தண்ணீரோடு கூலியும் வற்றிவிடும்!

ஆலைத் தோழர்களுக்கு இது புதிய கதை அல்ல. மட்டமான நூலைக் கொடுப்பார்கள். அது அறுந்து அறுந்து விழும். முடிச்சுப் போட்ட நேரத்துக்குக் கூலி கிடையாது, நெய்த நீளத்துக்குத்தான் கூலி. இந்த உருப்படிக் கூலியின் உள் வேலையை மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில் தனி அத்தியாயமாகவே விளக்கியிருக்கிறார். அதற்கும் வெகுகாலம் முன்னால், 1842இல், இளைஞரான மார்க்ஸ் கொலோன் நகரப் பத்திரிகையில் எழுதியது எதைப் பற்றித் தெரியுமா? விறகைப் பற்றி! காட்டில் விழுந்து கிடந்த சுள்ளியைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடர்கள் என்று தண்டிக்க ரைன் மாகாணச் சட்டசபை சட்டம் பேசியது. சுள்ளியின் மதிப்பு அந்தச் சபைக்குத் தெரிந்தது. குனிந்து பொறுக்கியவனின் குளிர் தெரியவில்லை.

நம் மாவட்டத்திலும் அந்தக் கணக்குத்தான். 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கமெல்லாம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தலைமுறைகளாகக் காய்த்த மரம் விறகாயிற்று. சாய்ந்த மரத்தில் வேலை செய்வது சாதாரண வேலை அல்ல. வளைந்து முறுக்கி நிற்கும் வேரை வெட்டினால் அடிமரம் திடீரென்று எழும்பி ஆளையே அடிக்கும். மரத்துக்குக் கணக்கு எடுத்தார்கள், எடுக்க வேண்டியதுதான். அதை வெட்டிப் பிளந்து வழியைத் திறந்தவனின் கையை யார் கணக்கெடுத்தார்கள்?

"கூலி கூட்டிக் கேட்டால் இயந்திரம் கொண்டுவந்துவிடுவேன்" என்று மிரட்டுவார்கள். கொண்டுவரட்டும்! இயந்திரம் நமக்குப் பகை அல்ல. முதுகை ஒடிக்கும் வேலையை இரும்பு செய்தால் நல்லதுதான். அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. பத்துப் பேர் சேர்ந்து கூட்டுறவாக ஒன்றை வாங்கினால், அதே இயந்திரம் பத்துக் குடும்பத்துக்குச் சோறு போடும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

முதலாவது, மர வகைக்குத் தக்கபடி கூலி விகிதம் வேண்டும். கணுக்கட்டைக்கும் வேர்க்கட்டைக்கும் தனி விகிதம் வேண்டும்.

இரண்டாவது, கட்டையைப் பிளப்பதற்கு முன்பே, பிளப்பவன் கண் முன்னால் எடை போட வேண்டும்.

மூன்றாவது, கோடாலி, ஆப்பு, சம்மட்டி, காம்பு, கண்ணுக்குக் கண்ணாடி ஆகியவை மண்டிக்காரர் செலவு. கழன்ற கோடாலியும் தெறித்த சில்லும் ஆள் பார்த்து வருவதில்லை.

நான்காவது, 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழிவந்த நல வாரியத்தில் விறகு பிளப்பவன் ஒவ்வொருவனும் பதிவு பெற வேண்டும். காயம் பட்டால், "அவன் நம் ஆள் அல்ல" என்று கைகழுவ விடக்கூடாது.

இவற்றைத் தனித்தனியாகப் போய்க் கேட்டால் என்ன நடக்கும்? "நீ போ, குறைந்த கூலிக்கு ஆள் இருக்கிறது" என்பார்கள். கோடாலிக் காம்பு குலத்துக்குக் கேடு என்பது நம் பழமொழி. நமக்குள்ளே ஒருவன் கூலியைக் குறைத்துக்கொண்டு போனால் அவன்தான் அந்தக் காம்பு. ஆனால் அவனைத் திட்டிப் பயனில்லை. அவனுக்கும் பசிதான் காரணம். மண்டிக்குப் போகுமுன் அவனையும் உட்கார வைத்து விகிதம் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அறுப்பு முடிந்து கோடாலி எடுக்கும் காலத்துக்கு முன்பே ஊர் ஊராகக் கூடுங்கள். விகிதத்தைத் தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு எல்லோரும் சேர்ந்து மண்டிக்குப் போங்கள்!