நிறையும் புள்ளியும்

இணுவிலின் பெயரைக் குழந்தை நலத்தினின்றும் பிரித்துப் பேசுதல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலே கிறித்தவ மிசனரிமார் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலையை நிறுவியது இவ்வூரிலேயே. பிரசவத்திலே தாயும் சேயும் மடிதல் விதியெனக் கருதப்பட்ட காலத்தில், அது விதியன்று, தவிர்க்கத்தக்க கேடே என்பதை யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இத்தகைய வைத்தியசாலைகளிடம் கற்றனர். ஆயினும், அப்பாடத்தை அவர்கள் பாதிவரையிலேயே கற்றனர் எனல் வேண்டும்.

இன்று குழந்தை பிறந்தால் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். வளர்ச்சிப் பதிவேட்டிலே நிறை குறிக்கப்படுகிறது. கோடு சற்றுத் தாழ்ந்தாலும் தாய்க்கு உறக்கமில்லை. ஆனால், பிள்ளை பாடசாலை வாயிலை மிதித்ததும் அப்பதிவேடு அலுமாரிக்குள் மறைகிறது. தேர்ச்சி அறிக்கை அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிறையை நோக்கிய கண்கள் புள்ளியை மட்டுமே நோக்கத் தலைப்படுகின்றன. ஐந்து வயதுவரை உடலும் உயிருமாயிருந்த பிள்ளை, அதன்பின் வெறுஞ் சுட்டெண்ணாகி விடுகிறது.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பத்து வயதுப் பிள்ளையின் நாளை எண்ணிப் பார்த்தல் தகும். பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. வகுப்பு விட்டதும் மாதிரி வினாத்தாள். சனியும் ஞாயிறும் அவ்வாறே. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வரையுள்ளோர்க்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பர் மருத்துவர். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் வருந்த ஓடியாடுதல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறி. கிளித்தட்டுக்கும் கிட்டிப்புள்ளுக்கும் உரிய மாலைப்பொழுதை வகுப்புக்கு விற்றுவிட்ட பெற்றோர் அந்த அறுபது நிமிடத்தை எங்கிருந்து மீட்கப் போகின்றனர்? பகலிற் கற்றதை மூளை நிலைநிறுத்திக்கொள்வதும் உறக்கத்திலேதான். ஆகவே, உறக்கத்தைப் பறிப்போர் தாம் விரும்பும் புள்ளியையும் சேர்த்தே பறிக்கின்றனர்.

"கல்வியொன்றே எங்கள் சொத்து" என்பர் பெற்றோர். இக்கூற்றை எள்ளி நகையாடுதல் அறியாமை. 1970களின் தொடக்கத்திலே வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழக வாயிலை ஒவ்வொரு புள்ளியும் தீர்மானிக்கும் என்ற அச்சத்தை வீடுதோறும் விதைத்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் வீடு வளவு அனைத்தையும் விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எவராலும் பறிக்கவியலாதது கற்ற கல்வியே எனக் கண்டனர். அன்று தாயின் கைபற்றி நடந்த சிறுவரே இன்று பெற்றோர். அவர்தம் அச்சத்திற்குக் காரணமுண்டு. ஆயின், போர் தம்மிடமிருந்து பறித்த பிள்ளைப் பருவத்தைத் தம் பிள்ளைகளிடமிருந்து தாமே பறித்தல் எவ்வகையில் நியாயமாகும்?

"சிறுவயதுக் கடும் பயிற்சியன்றோ தவில் மேதை தட்சிணாமூர்த்தியை (1933–1975) இணுவில் மண்ணுக்கு அளித்தது?" என வினவுவோரும் உளர். அவருடைய தந்தையார் விசுவலிங்கமும் தவில் வித்துவானே. வீட்டிலும் கோயில் வீதியிலும் ஒலித்த கலையைக் காதாலும் கையாலும் பற்றுதல் வேறு. விருப்பமறியாது திணிக்கப்படும் விடையை மனனஞ் செய்தல் வேறு. அன்றியும், ஒரு மேதைக்குப் பொருந்தியதை ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் விதியாக்குதல் அறிவுடைமையாகாது.

கட்டிளமைப் பருவத்திலோ நிலைமை இன்னும் வருந்தத்தக்கது. பெண் பருவமெய்தினால் பந்தலும் ஒளிப்பதிவுமாகச் சாமத்தியவீடு நிகழ்கிறது. ஊர் முழுவதும் அறிந்த அம்மாற்றம் தன்னுடலில் ஏன் நிகழ்ந்தது என்பதை அப்பெண்ணுக்கு எடுத்துரைப்பார் இல்லை. மகனுக்கோ அவ்வாரவாரமும் இல்லை, அறிவுரையும் இல்லை. குரல் உடைந்து மனங் குழம்பி அவன் மௌனமானால், "படிப்பிலே கவனமில்லை" என்ற தீர்ப்பு மட்டும் உடன் கிடைக்கிறது.

இப்பழியைப் பெற்றோர்மீது மட்டும் சுமத்திவிட்டுப் பல்கலைக்கழகம் கைகழுவுதல் ஒண்ணாது. தனியார் வகுப்புக்களிலே கற்பித்து வருவாய் பெறும் பட்டதாரிகளும் மாணவர்களும் பலர். ஞாயிறு காலை பத்து வயதுப் பிள்ளையின்முன் வினாத்தாளை வைக்கும் கை பல வேளைகளிற் பல்கலைக்கழக மாணவனின் கையே. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைச் சமவாயம் (1989) தன் 31ஆம் உறுப்புரையிலே கூறுகிறது. இலங்கை அதனை ஏற்றது 1991இல். அவ்வுறுப்புரையை விரிவுரை மண்டபத்திலே விளக்கிவிட்டு, மாலையிலே அதனை மீறுதல் கற்றோர்க்கு அழகன்று.

ஆகவே, பெற்றோர் செய்யத்தக்கன சிலவே. மாலையில் ஒரு மணி நேரம் விளையாட்டுக்கு ஒதுக்குக. உறங்கும் நேரத்தை எவ்வகுப்பிற்கும் விட்டுக்கொடாதிருக்க. நாளில் ஒருவேளையேனும் உடனிருந்து உண்டு, புள்ளியைப் பற்றிய பேச்சின்றிப் பிள்ளையின் சொல்லைக் கேட்க. கற்பிப்போர் ஞாயிற்றுக்கிழமையைச் சிறுவர்க்கே திருப்பிக் கொடுக்க. சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்? அலுமாரியில் உறங்கும் அப்பதிவேட்டைப் பெற்றோர் மீண்டும் வெளியே எடுத்தல் வேண்டும்.