குடும்ப நலம்: மாற்று மூட்டும் மறுநடையும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பும் பெரியவர்களை நம் பங்குக் குடும்பங்களில் இன்று அடிக்கடி காண்கிறோம். ஆண்டுக்கணக்கில் அவர்களை வாட்டிய வலி பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஆயினும் அதன்பின் இரு தவறுகள் நேரக் காண்கிறோம். "இனி நாற்காலியை விட்டு எழ வேண்டாம், அப்பா" என்று அன்பு மிகுதியால் பிள்ளைகள் அவரை முடக்கிவிடுவது ஒன்று. வலி போயிற்று என்ற மகிழ்ச்சியில் இரண்டாம் மாதமே அவர் பந்து மட்டையைத் தேடுவது மற்றொன்று.

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர் 1962-இல் இவ்வறுவை முறையை நிலைநாட்டினார். தொடையெலும்பின் தலைக்குப் பதிலாக உலோகக் குண்டு. அது சுழல்வதற்கு இடுப்பெலும்பில் பிளாஸ்டிக் கிண்ணம். இன்று பீங்கான் குண்டுகளும் உள்ளன. ஆனால் மூட்டைத் தாங்க வேண்டிய தசைகளோ, வலியினால் நடை குறைந்து முன்பே மெலிந்தவை. அவற்றை வலுப்படுத்துவன நடையும் பயிற்சியுமே. ஆகவே உடற்பயிற்சி இங்கே ஆடம்பரமன்று, மருத்துவத்தின் மறுபாதி.

பெரும்பாலோர் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரின் துணையுடன் எழுந்து நடக்கத் தொடங்குகின்றனர். மூட்டு நழுவாதிருக்க, தொடக்க வாரங்களில் சம்மணமிடுதல், குந்துதல், கால்மேல் கால் போடுதல், தாழ்ந்த இருக்கையில் அமர்தல் ஆகியவற்றை மருத்துவர் பலர் விலக்குகின்றனர். உயர்ந்த நாற்காலியும், அமர்ந்து பயன்படுத்தும் கழிப்பறையும் அமைத்துக் கொடுப்பது பிள்ளைகளின் கடமை. நடைதூரத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மருத்துவர் இசைந்தபின் நிலைமிதிவண்டியும், புண் முற்றிலும் ஆறியபின் நீச்சலும் மிக நல்லவை. சில மாதங்கள் சென்றபின், முன்பே பழக்கமுள்ளவர் இருவர் இருவராக ஆடும் மென்மையான டென்னிஸுக்கும் திரும்பக்கூடும். குதித்தலும் மோதலும் நிறைந்த கால்பந்து, கபடி போன்றவற்றை விலக்குவதே அறிவுடைமை. கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல், காய்ச்சல், புண்ணில் கசிவு, காலூன்ற முடியாத திடீர் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 2019 சனவரியில் இடுப்பு அறுவை செய்துகொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்வெர்ப் நகரில் ஒற்றையர் பட்டம் வென்றதை இளைஞர் எடுத்துக்காட்டுவர். மெய்தான். ஆனால் அவருக்குச் செய்யப்பட்டது முழு மாற்று அன்று. எலும்பின் தலைக்கு உலோக மூடி அணிவிக்கும் முறை. அப்போது அவருக்கு வயது 31. பயிற்சியே அவரது தொழில். அவரை அளவுகோலாகக் கொண்டு எழுபது வயதுத் தந்தையை அளப்பது முறையன்று.

நமக்கு ஏற்ற எடுத்துக்காட்டு வேறொருவர். பனிச்சறுக்கிலும் மலைநடையிலும் மகிழ்ந்த திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், 1994 ஏப்ரல் 28 அன்று குளியலறையில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்தார். மறுநாள் உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டது. பழைய நடை திரும்பவில்லை, கைத்தடி துணையாயிற்று. ஆயினும் ஒன்பது மாதங்களுக்குள் மணிலாவில் உலக இளைஞரைச் சந்தித்து, 1995 சனவரி 21 அன்று கொழும்பில் யோசேப்பு வாஸ் அடிகளாருக்கு முத்திப்பேறு பட்டமும் வழங்கினார். இழந்ததை எண்ணி அவர் அமர்ந்துவிடவில்லை. இயன்ற அடியை எடுத்து வைத்தார்.

கோவிலில் முழந்தாளிட முடியவில்லையே என்று வருந்துவோரும் உளர். உடல்நலம் தடுக்கும்போது முழந்தாளிட வேண்டியதில்லை என்று திருப்பலி ஒழுங்குமுறையே கூறுகிறது. தாழப் பணிந்து வணங்கினாலே போதும். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்ல விரும்புவோர், முதலில் தம் தெருவின் கோடிவரை நடந்து பழகட்டும்.

எனவே பிள்ளைகளே, பெற்றோரைத் தடுக்காதீர்கள், விரட்டவும் வேண்டாம். மாலைதோறும் கால்மணி நேரம் அவர்களோடு உடன் நடந்து செல்லுங்கள். நமக்கு நடை பழக்கியவர்கள் அவர்களே. அவர்கள் மீண்டும் நடை பழகும்போது கைகொடுக்கும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது.