பஞ்சம் பிழைக்க ஒரு மலை

ஆனி பிறந்ததும் சென்னையிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, தென்காசிப் பக்கம் ஒரு இருபது சென்ட் பாருங்களேன். இங்க இனிமே காலம் தள்ள முடியாது." அவன் வேளச்சேரிக்காரன். 2015 டிசம்பரில் ஒரு தடவை, 2023 மிக்ஜாம் புயலில் இன்னொரு தடவை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கைப்பிள்ளையோடு மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்திருந்தவன். பயந்து கேட்கிற பிள்ளையிடம் சட்டென்று மறுக்க மனம் வரவில்லை.

ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழைந்து குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, இதைவிடப் பத்திரமான இடம் வேறெங்கே என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தச் சாரல் தென்காசி தாண்டிக் கிழக்கே வர வர மெலிந்துவிடும். எங்கள் வீரகேரளம்புதூரில் பேருக்குத் தூறும், மிச்சமெல்லாம் காற்று. சங்கரன்கோவில் பக்கம் அந்தத் தூறலும் இல்லை. மலையிலிருந்து இறங்கிவரும் சிற்றாறும், இங்கே வந்து அதில் சேரும் அனுமன் நதியும், அவற்றை நம்பியிருக்கும் குளங்களும்தான் எங்களுக்கு எல்லாம்.

அந்த மலையிலும் மழை இப்போது கணக்கு மாறிப் பெய்கிறது. மிக்ஜாம் போய் இரண்டு வாரத்தில், டிசம்பர் 17, 18 தேதிகளில், தென்கோடி மாவட்டங்கள் மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மறு வருஷம் மே 17, சீசன் தொடங்காத கோடையில், பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோனது. இங்கே மட்டுமல்ல. அமெரிக்காவில் ஆஷ்வில் என்றொரு மலை நகரம். பருவநிலைக்குப் பயந்தவர்கள் குடியேற ஏற்ற இடம் என்று அதைச் சொல்லிவந்தார்கள். கடல் அங்கிருந்து வெகுதூரம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் மழை அந்த ஊரை ஆற்றோடு வாரிவிட்டது.

மழை பொய்த்தால் ஊர்விட்டுப் போவதற்கு நம்மிடம் பழைய பேச்சு ஒன்று உண்டு: பஞ்சம் பிழைக்கப் போவது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் கண்டிச் சீமைக்குப் போனார்கள். கோவில்பட்டி, கயத்தாறு கரிசலிலிருந்து மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறினார்கள். வருஷமெல்லாம் பச்சை, கிணறு வற்றும் கவலை இல்லை. அவர்களுக்கு அந்த மலைதான் தஞ்சம். மூன்று நான்கு தலைமுறை அங்கேயே லயத்து வீடுகளில் கழிந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர். பல குடும்பங்களுக்குக் கயத்தாறுதான் பூர்வீகம். வெயிலுக்குப் பயந்து ஏறியவர்களின் பேரன் பேத்திகளை மழை புதைத்தது. அந்தச் செய்தி வந்த நாட்களில் எங்கள் தெருவில் யாரும் உரக்கப் பேசவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

1951 ஜெனீவா உடன்படிக்கைப்படி, துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டின் எல்லை தாண்டுகிறவரே அகதி. மழைக்கும் வறட்சிக்கும் ஓடுகிறவருக்கு அதில் இடமில்லை. கையில் காசிருப்பவர் மனை தேடுகிறார். இல்லாதவர் தோட்ட வேலைக்கும், திருப்பூருக்கும், செங்கல் சூளைக்கும் போகிறார். இருவரையும் விரட்டுவது ஒரே வானம்தான். முதலாமவருக்கு மட்டும் விளம்பரப் பலகை வைக்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பலகைகள் நிற்பதும் பெரும்பாலும் கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்த நஞ்சையில். வெள்ளம் வந்தால் வாங்கிக்கொண்டு மெல்ல மண்ணுக்குள் இறக்கும் வயல் அது. மண்ணடித்து மேடாக்கி, மனைக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டால், தேடி வந்த குளிர்ச்சி எத்தனை நாள் நிற்கும்?

ராத்திரி அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். "வா மருமகனே, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா. வயல்ல மட்டும் மனை வாங்காத. ஊருக்குள்ளயே பூட்டிக் கிடக்கிற வீடு இருக்கு. கேட்டுப் பாக்கேன்."

"யார் வீடு மாமா?"

"மானாவாரிக்காரங்க. மும்பைக்குப் போயி இருபது வருஷமாச்சு."

"ஏன் போனாங்க?"

"மூணு வருஷம் மழை இல்ல. கிணறு வத்திட்டு."

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அவங்க திரும்பி வர நெனச்சா வீட்டைக் குடுத்திரணும்னு சொல்லியே கேளுங்க மாமா" என்றான். அந்த வீட்டுக்காரரின் மும்பை நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.