மூக்கோடு நிற்காத ஜலதோஷம்

பெங்களூரில் யார் தும்மினாலும் முதல் குற்றவாளி ஊரின் குளிர். அடுத்தது, காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம். செடியின் மீது பழி போடுவதில் நியாயம் உண்டு. அந்த ஒவ்வாமையில் கண்ணும் மூக்கும் அரிக்கும், வாரக்கணக்கில் இழுக்கும், காய்ச்சல் இருக்காது. ஆனால் தொண்டைக் கரகரப்பில் ஆரம்பித்து, மறுநாள் மூக்கொழுகி, ஒரு வாரம் படுத்தி எடுப்பது வேறு விவகாரம். அதற்கு மிக அதிகமாகக் காரணமாவது ரைனோவைரஸ். ('ரைனோ' கிரேக்கத்தில் மூக்கு. காண்டாமிருகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் அதே மூக்குதான்.)

1950களில் அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றை உடல் சமாளித்தால் அடுத்தது காத்திருக்கிறது. தடுப்பூசி வராததற்கு இது முக்கியக் காரணம். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஜலதோஷம் வந்தால், பள்ளி செல்லும் வாண்டுகளுக்கு ஆறு, எட்டு முறைகூட வரும். பெரியவர்களுக்குக் காய்ச்சல் அபூர்வம், குழந்தைகளுக்குச் சகஜம். இருமல் மட்டும் இரண்டு வாரம்கூட நீடிக்கலாம்.

உடல் உஷ்ணத்தைவிடச் சற்றுக் குறைவான 33 டிகிரி செல்சியஸில் இந்த வைரஸ் நன்றாகப் பெருகும். மூக்கின் உட்புறம் அதற்குத் தோதான இடம். எனவே அது மூக்கைத் தாண்டாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 1995இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று வேறு கதை சொன்னது. 9 முதல் 11 வயதுப் பள்ளிக் குழந்தைகளுக்கு இழுப்பு வந்தபோது, சுமார் 80 சதவீதத் தருணங்களில் ஏதோ ஒரு வைரஸ் பிடிபட்டது. அதிகம் பிடிபட்டது ரைனோவைரஸ்தான்.

பெங்களூருக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. இங்கு குழந்தைகள் நுரையீரல் நிபுணர் எச். பரமேஷ் 20,000 குழந்தைகளிடம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கில், 1979இல் 9 சதவீதமாக இருந்த ஆஸ்துமா 1999இல் 29.5 சதவீதம் ஆகியிருந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் எடுத்த கணக்கு அது, ஊர் முழுவதற்கும் பொருந்தாது. ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான். வாகன நெரிசல் மிகுந்த சாலைகளை ஒட்டிய பள்ளிகளில் ஆஸ்துமா அதிகம் என்பதையும் அவர் கண்டார். புகையால் ஏற்கனவே புண்ணான மூச்சுக்குழாயில் வைரஸும் வந்து உட்கார்ந்தால் இழுப்புக்குக் கேட்பானேன்?

பெற்றோர் ஓடுவது மருந்துக் கடைக்கு. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாவதோ பச்சையாவதோ மட்டும் அதை வாங்கக் காரணம் ஆகாது. கலர் கலரான சிரப்புகள் இன்னும் ஆபத்தானவை. குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் கலந்த மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலின் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு வந்தது வெறும் சளியும் காய்ச்சலும்தான்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது? மூச்சை எண்ணினால் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ தாமதம் கூடாது. காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் நடுக்காதில் சீழ் கோத்திருக்கலாம். பெரியவர்களில் பீடி, சிகரெட்டால் நுரையீரல் கெட்டவர்களுக்கும் முதியவர்களுக்கும் இதே ஜலதோஷம் நிமோனியா வரை போகலாம். மற்றவர்கள், பத்து நாளாகியும் குறையாவிட்டாலோ, குறைந்து மறுபடி ஏறி முகம் கனத்து வலித்தாலோ சைனஸைச் சந்தேகிக்கலாம்.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு டாக்டர் தினமும் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை, 'பழகிப் போய்விடும்' என்று பயந்து நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம். பழகிப் போகும் வஸ்து அதில் ஏதுமில்லை. மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கி வைக்கும் மருந்து அது. அதை நிறுத்திய வாரத்தில் வகுப்பில் பக்கத்துப் பையன் தும்மினால் போதும், அடுத்த சில நாட்களில் இழுப்பு தொடங்கலாம்.